ஏறினாலும் இறங்கினாலும் இருநூற்றைம்பது

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய். போன வாரம் போனில் நீ கத்திய கத்தலிலேயே தெம்பு தெரிந்தது.

இனிமேல் பணத்தைப் பற்றி போனில் பேச மாட்டேன். பாதியில் வைத்துவிடுகிறாய். மறுபடி கூப்பிட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறாய். எழுதி வைத்தால் பேச்சு மாறாது.

நீ வெளிநாடு போகும்போது ஏஜென்டுக்கு அந்த ஊர்ப் பணத்தில் ஆறாயிரம் கட்டினோம். அன்றைக்கு அது ஒன்றுக்கு நம் பணம் நாற்பது. ஆக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதற்காகத்தான் சலவைக்கடையின் பெரிய மெஷின் இரண்டையும் விற்றேன். மாதம் பத்தாயிரம் தருவதாகப் பேச்சு. ஆறு மாதமாக ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் பேசியபோது பத்தாயிரம் என்றால் உன் கையிலிருந்து இருநூற்றைம்பது போக வேண்டும். இப்போது நம் பணம் சரிந்து ஒன்றுக்கு அறுபது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நூற்று அறுபத்தேழில் நீ வேலையை முடித்துக்கொள்கிறாய். மீதி எண்பத்து மூன்று யார் பாக்கெட்டில் இருக்கிறது?

மெஷின் விற்கும் கடைக்குப் போய் விசாரித்தேன். வெளியிலிருந்து வருகிற சாமான், விலையும் அந்தப் பணத்தில்தான். அன்றைக்கும் மூவாயிரம், இன்றைக்கும் மூவாயிரம். நான் விலை ஏறிவிட்டதே என்று சண்டை போட்டதற்கு, கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "எங்க விலை ஏறலம்மா. உங்க காசுதான் இறங்கிடுச்சு."

அடுத்த மாதத்திலிருந்து இருநூற்றைம்பதாகவே அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள். கடன் கட்ட வேண்டிய உடம்பு.

அக்கா

---

மார்ச் 24

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலம் என்று எழுதியிருக்கிறாய், அதனால் விசாரிக்க ஒன்றும் இல்லை.

உனக்குக் கணக்கு தெரியும் என்று நினைத்திருந்தேன். பேப்பரில் போடுவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற விலை. எனக்கு அந்த விலையில் யார் தருகிறார்கள்? நான் பணம் அனுப்பும் கடையில் "கமிஷன் கிடையாது" என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் பேப்பரில் அறுபது, கவுன்டரில் ஐம்பத்தேழு. கமிஷனை அந்த மூன்றில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆவது நூற்று அறுபத்தேழு இல்லை, நூற்று எழுபத்தைந்து. உன் தம்பியைத் திருடன் என்று சொல்வதற்கு முன் கூட்டலையாவது சரியாகப் போட்டிருக்கலாம்.

மற்றது, நீ ஏஜென்டிடம் எண்ணிக் கொடுத்தது நம் பணம். நான் பட்ட கடன் நம் பணத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதைத்தான் திருப்பித் தருகிறேன். நம் பணத்தைச் சரித்தது நான் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் சரக்கு அடுக்கும் வண்டி ஓட்டுகிறவன் அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி

---

ஏப்ரல் 9

தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலம் என்று எழுதியதைப் படித்தேன்.

வங்கிக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் நீ சொன்னது சரி என்றாள். வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை, நடுவில் இருப்பது அவர்கள் சாப்பாடு என்றாள். எண்பத்து மூன்று என்று எழுதியது தப்பு. எழுபத்தைந்து. அந்த எழுபத்தைந்துக்குப் பதில் சொல்.

கடன் நம் பணத்தில் என்கிறாய். கிளம்புகிற அன்று வாசலில் பையை வைத்துவிட்டு என்ன சொன்னாய்? "அக்கா, ரெண்டு மெஷினையும் திரும்ப வாங்கித் தர்றேன்." மாமாவும் பக்கத்தில் நின்றார். பணம் தருகிறேன் என்றா சொன்னாய்? மெஷின் என்றாய். உன் பத்தாயிரத்தை இருபத்து நாலு மாதம் அடுக்கினாலும் இன்றைய விலைக்கு ஒன்றரை மெஷின்கூட வராது. நாளைக்கு இன்னும் சரிந்தால் மூடி மட்டும்தான் வரும்.

மெஷின் இருந்த இடத்தில் சிமென்டில் முளைத்த போல்ட் எட்டும் அப்படியே நிற்கின்றன. தண்ணீர் வாளியோடு நடக்கும்போது காலில் இடிக்கிறது. லாட்ஜ் படுக்கை விரிப்புகளை வீட்டு மெஷினில் நாலு நாலாகப் போடுகிறேன். ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போய்விட்டது. நேரத்துக்குக் கொடுக்க முடியாதவளுக்கு எவன் வேலை தருவான்? நீ அங்கே எழுபத்தைந்தை எண்ணிக்கொண்டு இரு.

அக்கா

---

ஜூன் 2

அக்காவுக்கு,

நலம். பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். எழுதிக் கிழித்ததை எல்லாம் அனுப்பியிருந்தால் இன்றைக்கு நீ எனக்கு அக்காவாக இருக்க மாட்டாய்.

வாசலில் நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாய். அதற்கு முந்தின மாதம் நீ சொன்னது உனக்கு மறந்துவிட்டது. வாடகைக்குச் சுமை வண்டி ஓட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்தேன். வருமானம் குறைவு, ஆனால் என் காசு. வெளிநாடு போகிறேன் என்று நானா கேட்டேன்? ஏஜென்டைப் பிடித்தது நீ. போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போனது நீ. நான் மாட்டேன் என்றபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து, "தண்டச்சோறு, எத்தனை நாளைக்கு என் தலையில உட்கார்ந்திருப்ப?" என்றாய். அந்தத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். என்னை அனுப்ப நீ செய்த செலவு என் தலையில் கடனாக ஏறிய கதை இதுதான்.

இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். கட்டில் நாலு. பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் இரவு வேலைக்காரன் படுப்பான். நான் படுக்கும்போது விரிப்பு இன்னொருவன் சூட்டோடு இருக்கும். கிடங்குக்குள் உறைபனி, வெளியே வெயில். நாளைக்குப் பத்துத் தடவை கோட்டைப் போட்டுக் கழற்றுகிறேன். இதையெல்லாம் முன்பு எழுதியதில்லை. நீ மகிழ்ந்துவிடக் கூடாது என்றுதான்.

சரி, உன் இஷ்டப்படியே வைத்துக்கொள். பதினைந்து தவணை பாக்கி. மாதம் இருநூற்றைம்பது. ஆனால் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு: "ரேட் ஏறினாலும் இறங்கினாலும் இருநூற்றைம்பது. ஒன்று கூடவும் கேட்க மாட்டேன், ஒன்று குறையவும் விட மாட்டேன்." மாமாவும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அவரை நம்புகிறேன்.

தம்பி

---

ஜூன் 20

தம்பிக்கு,

நலம். நீ கேட்ட காகிதம் இதோடு இருக்கிறது. மாமா கையெழுத்துப் போட மறுத்தார். "அக்கா தம்பிக்குள்ள எதுக்கு இந்தப் பத்திரம்?" என்றார். பேனாவைக் கையில் திணித்துப் போட வைத்தேன்.

தண்டச்சோறு என்று சொன்னேன். சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்னதால்தானே இன்றைக்குக் கையில் வேலையோடு இருக்கிறாய்?

நம் பணம் இப்போது எழுபத்தைந்துக்குப் போய்விட்டது. கவுன்டரில் எழுபத்திரண்டு என்றாலும் உன் இருநூற்றைம்பது இங்கே பதினெட்டாயிரம். அதை நம்பி ஒரு மெஷின் எடுத்துவிட்டேன். இதுவரை நீ அனுப்பியதில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிச்சம் பிடித்த அறுபதாயிரத்தை முன்பணமாகக் கட்டினேன். மீதிக்கு ஃபைனான்ஸ். மாதம் பதினேழாயிரம், பன்னிரண்டு மாதம். ஆயிரம் கையில் நிற்கும். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மறுபடி பேசியாகிவிட்டது.

கோட்டைச் சரியாகப் போட்டுக்கொள்.

அக்கா

---

ஜூலை 6

அக்காவுக்கு,

நலம். காகிதம் கிடைத்தது. இருநூற்றைம்பது அனுப்பியாகிவிட்டது.

தம்பி

---

அக்டோபர் 15

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? போன மாதம் அந்தப் பக்கம் காய்ச்சல் பரவுவதாகப் பேப்பரில் படித்தேன். தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு கிடங்குக்குள் போ. அறையில் ஆட்கள் குறைந்தார்களா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாமா உன்னை அடிக்கடி விசாரிக்கிறார்.

மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆஸ்பத்திரி வேலை திரும்ப வந்துவிட்டது. பணம்தான் மூன்று மாதம் கழித்துத் தருவார்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்ன காரணமோ தெரியவில்லை, நம் பணம் மடமடவென்று எழுந்துவிட்டது. இப்போது பேப்பரில் ஐம்பது. டிவியில் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். இந்த மாதம் உன் இருநூற்றைம்பது பன்னிரண்டாயிரமாக வந்தது. ஃபைனான்ஸ்காரனுக்குப் பதினேழாயிரம் பதினேழாயிரம்தான். அவன் ரேட் பார்க்க மாட்டான். இந்த மாதம் லாட்ஜ் முதலாளியிடம் கைமாற்றாக வாங்கி ஒப்பேற்றினேன். ஆஸ்பத்திரிப் பணம் வரும்வரை ஒரு மூன்று மாதம், நம் பணத்தில் பதினேழாயிரம் வருகிற மாதிரி அனுப்பினால் உதவியாக இருக்கும். கூடுதலாக வருவதைக் கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்ளலாம்.

உடனே பதில் போடு.

அக்கா

---

நவம்பர் 1

அக்காவுக்கு,

நான் நலமா, சாப்பிட்டேனா, தலைக்குக் கட்டினேனா என்று ஆறு வரி எழுதியிருக்கிறாய். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, ரேட் இறங்கியிருக்கிறது என்று.

உன் காகிதத்தை எடுத்துப் படித்தேன். "ஏறினாலும் இறங்கினாலும்" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அறையில் இருப்பவர்களிடமும் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நம் பணம் சரிந்தபோது நான் நம் பணம் என்றேன், நீ இந்த ஊர்ப் பணம் என்றாய். இப்போது நம் பணம் எழுந்ததும் நீ நம் பணத்துக்கு வந்துவிட்டாய். நாளைக்கு மறுபடி சரிந்தால் எங்கே நிற்பாய்?

இருநூற்றைம்பது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

---

நவம்பர் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. நான் இருக்கிறேன். இதை எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வயதில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

உங்கள் கடிதம் வந்த அன்று அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரித் துணியைப் பிரிக்கப் போய்விட்டாள். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று ஃபைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மெஷினைச் சுற்றி வந்து எந்தக் குழாயை எங்கே கழற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டார்கள். இந்த மாத முடிவு வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எடுத்துக்கொண்டு போவார்கள், இதுவரை கட்டிய பணமும் திரும்பாது. உள்ளே துணி ஓடிக்கொண்டிருந்தது. இவள் கதவில் கையை வைத்துக்கொண்டு, "இது முடியட்டும். ஈரத்தோட ஆஸ்பத்திரி விரிப்பை நான் எங்க கொண்டு போறது?" என்றாள். அவர்கள் அரை மணி நேரம் வெளியே நின்றுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய மெஷின் இல்லாத நாட்களில் சலவைச் சோடாத் தண்ணீரிலேயே கை வைத்து வைத்து அவள் விரல் நுனியில் தோல் போய்விட்டது. வங்கியில் விரல் ரேகை வைத்தால் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. வங்கிப் பெண் கேட்டதற்கு, சமையலில் சுட்டுக்கொண்டேன் என்று சொன்னாள். இதை உங்களுக்கு எழுத மாட்டாள்.

உங்களிடம் பணம் கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் கையிலும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தில் நான் போட்ட கையெழுத்து எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாமா

---

நவம்பர் 27

மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

ஒன்பது தவணை பாக்கி இருந்தது. இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. மொத்தத்தையும் இன்று காலை அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே பணம் வந்திருக்கும். நாற்பத்தெட்டு வீதம் ஒரு லட்சத்து எட்டாயிரம். முன்கூட்டியே மொத்தமாக முடித்தால் ஃபைனான்ஸில் வட்டியைக் கழிப்பார்கள். நீங்களே போய்ப் பேசுங்கள். அக்கா பேசினால் அவர்கள் இன்னும் வட்டி கூட்டுவார்கள்.

இந்தப் பணம் ஏது என்று அக்கா கேட்பாள். கம்பெனியில் போனஸ் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ஊருக்கு வந்து வண்டி வாங்கச் சேர்த்து வைத்தது. சொந்தமாக ஒரு சுமை வண்டி. ஜூலையில் ரேட் எழுபத்தைந்து இருந்தபோது கையில் இருந்தது ஏறக்குறைய ஒரு வண்டிக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் சேர்த்துக்கொண்டு கிளம்பலாம் என்று இருந்தேன். அதற்குள் நம் பணம் எழுந்துவிட்டது. அதே காசு, ஒரு நோட்டு குறையவில்லை, வண்டியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. அக்கா கடிதம் வந்தபோது நான் அந்தக் கோபத்தில் இருந்தேன். அவள் சொன்ன அதே ரேட்தான் என்னையும் அடித்தது. அவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் "நல்லா வேணும்" என்பாள்.

இனி வண்டியும் இல்லை, அவசரமும் இல்லை. மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்காவிடம் சொல்லுங்கள்: கணக்கு முடிந்தது. இனி எனக்கு எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

---

மார்ச் 12

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. பணம் வந்து சேர்ந்தது, மெஷின் கையை விட்டுப் போகவில்லை என்று டிசம்பரில் எழுதினேன். ஜனவரியில் எழுதினேன். பிப்ரவரியில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. கணக்கு முடிந்ததும் அக்காவும் முடிந்துவிட்டாள் போலிருக்கிறது.

உன் மாமாவுக்கு ரகசியம் தங்காது. பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வண்டி விஷயம் எனக்குத் தெரியும். மூன்று வருடக் கையெழுத்தும் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

நான் எழுதுவது வேறு விஷயம். கணக்கு முடிந்தது என்று நீயாகச் சொல்லிவிட முடியாது. நீ போகும்போது சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏஜென்டுக்குக் கட்டிய ஆறாயிரத்தில் அது சேரவில்லை. தனியாக என் கையிலிருந்து கொடுத்த காசு. நம் பணத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு. அன்றைய ரேட்டில் உங்கள் ஊர்ப் பணம் எழுபது. இன்றைக்குப் பேப்பரில் ஐம்பத்தாறு. அன்றைய ரேட்டில் தரப்போகிறாயா, இன்றைய ரேட்டில் தரப்போகிறாயா என்று தெளிவாக எழுது. எது என்றாலும் எனக்கு ஒப்புதல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இதற்கும் பதில் போடவில்லை என்றால், அக்காளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனவன் என்று உன் கம்பெனி மேனேஜருக்கே எழுதுவேன். விலாசம் என்னிடம் இருக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் வேலை ஓடவில்லை. அவ்வளவு கோபம். இரண்டாயிரத்து எண்ணூறு என்று கூசாமல் எழுதியிருக்கிறாய். அந்தக் கடைக்கு நானும்தான் கூட வந்தேன். மூவாயிரத்து இருநூறு சொன்னான். நீ முக்கால் மணி நேரம் நின்று இரண்டாயிரத்து நூறுக்கு முடித்தாய். கடைக்காரன் "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கம்மா" என்று கும்பிட்டான். எழுநூறு எங்கிருந்து முளைத்தது?

அதுவும் போகட்டும். விமான நிலையத்தில் இறங்கி இருபது அடி இழுப்பதற்குள் ஒரு சக்கரம் கழன்று ஓடிவிட்டது. அறை வரைக்கும் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். மூடி சரியாக மூடாது. இரண்டு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். இந்தக் குப்பைக்கு நான் அன்றைய ரேட்டிலும் தர மாட்டேன், இன்றைய ரேட்டிலும் தர மாட்டேன். மேனேஜருக்கு எழுது. அவருக்குத் தமிழ் தெரியாது.

நம் ஊரில் ஏறி இறங்காதது ஒன்றே ஒன்றுதான், உன் வாய். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி இந்த வாரமும் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கையில் அரை வண்டிக்குக்கூடக் காசு இல்லை, வாடகை வண்டிதான் ஓட்ட வேண்டும், தெரிந்தேதான் சொன்னேன். மே இருபதாம் தேதி அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து உன் கடை வாசலில் வைக்கிறேன். சக்கரம் இல்லாத பெட்டிக்கு என்ன விலை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.

மாமாவை மட்டும் விசாரித்தேன்.

தம்பி